செம்மையின் அளவுகோல்: பில்லியர்ட்ஸ் முதலிய ஆட்டங்களில் திறமையை அளந்த வரலாறு

கற்கத் தொடங்குவோனுடைய திறமையை அவன் எத்தனை முறை வென்றான் என்று எண்ணி அளத்தல் எளிது. துறைபோகக் கற்றோனுடைய திறமையை அவ்வாறு அளத்தல் இயலாது. செய்யவேண்டிய யாவற்றையும் ஏறக்குறையச் செய்து முடிக்கும் இருவருள் மேலானவர் யாவர் என்று காண்பதற்கு, அவர்கள் செய்தவற்றை எண்ணுதல் போதாது. செய்யத் தவறியவற்றையே எண்ணுதல் வேண்டும். இவ்வுண்மையை மனிதர் ஒரே நாளிற் கண்டுகொண்டாரல்லர். பச்சைத் துணி போர்த்த மேசையின்மீது கோல்கொண்டு பந்துகளை உருட்டும் ஆட்டங்களின் வரலாற்றில், இது படிப்படியாகத் தெளிந்துவந்த முறை நன்கு புலப்படுகின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதலும், அதிலிருந்து நம் தீவகத்துக்குக் கிடைக்கும் பயனை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பில்லியர்ட்ஸ் மேசையைக் காண்டல் அரிது. ஆயினும் அதன் இளைய உறவினதாகிய கரம் பலகையை அறியாதார் இங்கில்லை. சனசமூக நிலையத்திற் பத்திரிகை வாசிக்கச் செல்வோர், அருகே கரம் காய்கள் மோதும் ஒலியையும் கேட்டிருப்பர். ஆகவே, ஈண்டுச் சொல்லப்படுவன பிறநாட்டுச் செய்திகளாயினும், அவை நமக்கு முற்றும் புறம்பானவை அல்ல.

முதலாவதாக ஆங்கிலப் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதில் மூன்று பந்துகளே உள. ஆடுவோனுடைய பந்து மற்றை இரண்டையும் அடுத்தடுத்துத் தொடுமாயின் 2 புள்ளி. செம்பந்தைப் பையில் வீழ்த்தினால் 3 புள்ளி. எதிரியின் பந்தை வீழ்த்தினால் 2 புள்ளி. தவறும்வரை ஒருவனே தொடர்ந்து ஆடலாம். தவறாமல் ஒரே முறையிற் சேர்க்கும் புள்ளிகளின் தொகையே தொடர் எனப்பட்டது. மொத்தப் புள்ளிகளை, மேசைக்கு வந்த முறைகளின் தொகையால் வகுத்தாற் சராசரி கிடைக்கும். எனவே நீண்ட தொடரும் உயர்ந்த சராசரியும் இவ்வாட்டத்தின் பழைய அளவுகோல்களாயின.

இவ்வளவுகோல்களுக்கு மேல்எல்லை இல்லை. அதுவே அவற்றின் குறையும் ஆயிற்று. செம்பந்தை ஒரே புள்ளியிலிருந்து ஒரே பைக்குள் மீண்டும் மீண்டும் வீழ்த்தும் உத்தியில் வல்லவரான டபிள்யூ. ஜே. பீல் என்பார் 1890இல் 3,304 புள்ளிகளைத் தொடர்ந்து சேர்த்தார். பின்னர் அவ்வுத்தி விதியாற் கட்டுப்படுத்தப்பட்டது. 1907இல் ரொம் ரீஸ் என்பார் வேறொரு வழியைக் கைக்கொண்டார். இரு பந்துகளையும் பையின் வாயில் நெருக்கி நிறுத்தி, அவை நிலைபெயராவண்ணம் தம் பந்தினால் மெல்லத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கையை வளர்த்தார். இலண்டனில் ஏறக்குறைய ஐந்து வாரங்களாக அந்த ஆட்டம் நடைபெற்றது. அவர் சேர்த்த தொகை 499,135. அதனோடும் அத்தொடர் முடிவடைந்ததன்று, நிறுத்தப்பட்டது.

இத்துணைப் பெரிய எண் ஏட்டில் அதிகாரபூர்வமான சாதனையாக ஏறவில்லை. பத்திரிகையாளரும் பொதுமக்களும் இடையறாது இருந்து கண்டிலர் என்பது அதற்குக் காட்டப்பெற்ற காரணம். இது சிந்திக்கற்பாலது. எண் எத்துணைப் பெரிதாயினும், கண்ட சாட்சி இல்லாவிடின் அது வரலாறாகாது. அதனோடு, அந்த எண் ஆற்றலை அளந்ததா, அன்றி விதியிலிருந்த ஓட்டையை அளந்ததா என்னும் ஐயமும் எழுந்தது. அவ்வுத்தியும் விரைவில் விலக்கப்பட்டது.

அவுஸ்திரேலியராகிய வால்ரர் லின்ட்ரம் 1932 சனவரியில், இலண்டனில், ஜோ டேவிசுக்கு எதிராக 4,137 புள்ளிகளை ஒரே தொடரிற் குவித்தார். அவர் கையாண்டது நுண்ணிய தொடுகைகளாற் பந்துகளை மேசையோரமாக நடத்திச் செல்லும் அரிய கலை. ஆயினும் எதிராளி நெடுநேரம் நாற்காலியிலேயே அமர்ந்திருக்க நேர்ந்தமையால், ஆடுவோன் குறித்த இடைவெளிகளில் தன் பந்தை மேசையின் கோட்டைக் கடந்து செலுத்தவேண்டும் என்னும் விதி புகுத்தப்பட்டது. ஒருவர் செம்மையை நெருங்கும்போது ஆட்டமே தன் விதியை மாற்றிக்கொள்ளுதல் இவ்வரலாற்றிற் பலகாலும் காணப்படுவதாகும். அதனால், ஒரு காலத்து எண்ணையும் மற்றொரு காலத்து எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் பொருந்தாது.

இனி ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு வருவோம். இது பிறந்த இடம் நம் அயல்நாடாகிய இந்தியா. 1875இல் ஜபல்பூர்ப் படைமுகாமில், நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி பழைய பந்தாட்டமொன்றிற் பல நிறப் பந்துகளைச் சேர்த்து இதனை ஆக்கினார் என்பர். பிற்காலத்துப் பிரித்தானியப் பிரதம மந்திரி வேறு, இவர் வேறு. பின்னர் தமிழகத்து நீலகிரி மலையிலுள்ள உதகமண்டலக் கழகத்தில் இவ்வாட்டத்தின் விதிகள் ஒழுங்காக எழுதிவைக்கப்பட்டன.

ஸ்நூக்கருக்கு மேல்எல்லை உண்டு. செம்பந்துகள் 15, ஒவ்வொன்றும் 1 புள்ளி. ஒவ்வொரு செம்பந்துக்கும் பின்னர் 7 புள்ளிக்குரிய கரும்பந்தை வீழ்த்தினால், 15 முறை 8 ஆக 120 ஆகும். இறுதியில் நிறப்பந்துகள் ஆறும் 2 முதல் 7 வரை முறையே வீழ, 27 சேரும். ஆக 147. எதிரி செய்யும் தவற்றினாற் கிடைக்கும் சலுகை எதுவுமின்றி ஒருவன் அடையக்கூடிய உச்சம் இதுவே. பில்லியர்ட்சில் இல்லாத ஒன்று இங்கே கிடைத்தது. செம்மைக்கு ஓர் எண் கிடைத்தது.

எண் கிடைத்தபின்னரும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. ஜோ டேவிஸ் 1955 சனவரி 22இல், இலண்டனில், வில்லி ஸ்மித்துக்கு எதிராக 147ஐ அடைந்தார். ஆட்டத்தை நிருவகித்த சபை அதனை உடனே ஏற்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் கைக்கொண்ட விதியொன்று சபையின் விதிக்கு மாறுபட்டிருந்தது என்பதே தடையாயிற்று. 1957இலேயே அது முதலாவது அதிகாரபூர்வமான உச்சத் தொடராக ஏற்கப்பட்டது. 1979இல் ஜோன் ஸ்பென்சர் போட்டியொன்றில் 147ஐ அடைந்தார். மேசையின் பைகள் உரிய அளவினும் அகன்றிருந்தன என்று அது தள்ளப்பட்டது. தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளரும் அவ்வேளையிற் பதிவு செய்யவில்லை. மூன்றாண்டு கழித்து, 1982 சனவரி 11இல், அதே ஸ்பென்சரை எதிர்த்து ஆடிய ஸ்ரீவ் டேவிஸ் 147ஐ அடைந்தார். தொலைக்காட்சியிற் பதிவாகிய முதலாவது அதிகாரபூர்வமான உச்சத் தொடர் அதுவே. 1983இல் கனடா நாட்டவரான கிளிஃப் தோர்பேர்ண் உலக வல்லவர் போட்டியில் முதன்முறையாக அவ்வெல்லையைத் தொட்டார்.

இந்நிகழ்ச்சிகளைச் சேர்த்து நோக்கின் மூன்று வினாக்கள் தோன்றும். எவ்விதியின்கீழ் ஆடப்பட்டது? எத்தகைய மேசையில் ஆடப்பட்டது? எவர் கண்டு சான்று கூறினர்? இம்மூன்றுக்கும் விடை கூறாத எண், வெறும் எண்ணே.

ஆசிய நாட்டவர் இவ்வரலாற்றிற் பார்வையாளராக மட்டும் நின்றாரல்லர். 1958இற் கல்கத்தாவில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் இந்தியராகிய வில்சன் ஜோன்ஸ் வாகை சூடினார். 1964இல் நியூசிலாந்தில் மீண்டும் வென்றார். 1973இற் பம்பாயில் நடைபெற்ற போட்டியில் இலங்கையராகிய எம். ஜே. எம். லாபீர் உலக வல்லவரானார். கிரிக்கெட்டில் இந்நாடு 1996இல் உலகக் கிண்ணத்தை வெல்வதற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வெற்றி கிட்டியது. ஆயினும் இன்றைய மாணவருள் எத்தனைபேர் லாபீரின் பெயரை அறிவர்? 1992இல் கீத் சேத்தி உலகத் தொழில்முறைப் பில்லியர்ட்ஸ் போட்டியில் 1,276 புள்ளிகள் கொண்ட தொடரை ஆடினார். அந்த எண் நூல்களில் நிலைத்து நிற்கின்றது.

ஸ்நூக்கரின் 147க்கும் ஒரு குறை உண்டு. அஃது ஓர் ஆட்டத்தின் செம்மையை மட்டும் காட்டும். ஒரு முழுப் போட்டியின் தரத்தைக் காட்டாது. அன்றியும், அரிதாக இருந்த அவ்வுச்சம் காலப்போக்கிற் பெருகிற்று. அதிகாரபூர்வமான 147கள் இப்போது இருநூறைக் கடந்துவிட்டன. பலர் எட்டிய எல்லை, அவருள் உயர்ந்தோரைப் பிரித்துக் காட்ட வல்லதன்று.

இச்சிக்கலுக்கு வேறொரு வழியில் விடை தேடியது அமெரிக்கப் பூல் ஆட்டம். பூலின் பழைய வகையொன்றில் எந்தப் பந்தை எந்தப் பையில் வீழ்த்துவேன் என்று கூறிவிட்டு, தவறும்வரை தொடர்ந்து வீழ்த்திக்கொண்டே போகலாம். வில்லி மொஸ்கோனி 1954இல், ஒகையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிற் காட்சியாட்டமொன்றில், 526 பந்துகளைத் தவறாது வீழ்த்தினார். அங்கிருந்தோர் பலர் அதற்குச் சத்தியக் கடதாசி எழுதிக் கையொப்பமிட்டனர். ரொம் ரீசின் எண்ணுக்கு வாய்க்காத சாட்சி மொஸ்கோனியின் எண்ணுக்கு வாய்த்தது. அது 2019வரை நிலைத்தது. அவ்வாண்டு ஜோன் ஷ்மிட் 626 பந்துகளையும், 2022இல் ஜேசன் ஷோ 714 பந்துகளையும் வீழ்த்தினர். இவர்களுக்குச் சாட்சி ஒளிப்பதிவு. ஆயினும் மொஸ்கோனி ஆடிய மேசை அளவிற் சிறியது என்பதால், இவ்வெண்களை ஒப்பிடுவோர் இன்றும் மேசையைப் பற்றி வாதிடுவர்.

பிற்காலத்தில் தொழில்முறைப் போட்டிகளிற் பெருவழக்கானது ஒன்பது பந்து ஆட்டம். இதில் மேசைமீதுள்ள பந்துகளுட் சிறிய எண்ணுடையதையே முதலில் தொடவேண்டும். ஒன்பதாம் பந்தை விதிப்படி வீழ்த்தியவன் வென்றவன். எட்டுப் பந்துகளை ஒருவன் வீழ்த்தி, இறுதிப் பந்தில் மட்டும் தவறினால், அதனை வீழ்த்தும் எதிரியே வெல்வான். ஆகவே, வெற்றிக் கணக்கு ஆட்டத்தின் தரத்தை உள்ளவாறு காட்டாது. புள்ளியும் இல்லை, தொடரின் நீளத்துக்கும் தனி மதிப்பில்லை.

தாமும் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த பற் பிளெமிங் என்பார், 1980களில் அக்கியூ-ஸ்ரற்ஸ் என்னும் நிறுவனத்தின் வாயிலாக ஒரு புதிய அளவுகோலைப் பரப்பினார். அதனை முழுத்திறன் சராசரி என்று நாம் வழங்கலாம். கணக்கு மிக எளியது. ஒருவன் வீழ்த்திய பந்துகளின் தொகையை, அத்தொகையோடு அவன் செய்த பிழைகளின் தொகையையும் கூட்டி வந்த எண்ணால் வகுக்கவேண்டும். 85 பந்துகளை வீழ்த்தி 5 பிழைகளைச் செய்தவனுக்கு, 85ஐ 90ஆல் வகுக்க 0.944 வரும். பிழையே இல்லையாயின் 1.000 வரும். அதுவே செம்மை. 0.900ஐத் தாண்டுதல் மிக உயர்ந்த ஆட்டத்துக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

இக்கணக்கின் புதுமை பிழை என்பதற்கு அது கொண்ட பொருளில் அடங்கியிருக்கின்றது. வீழ்த்த முயன்று தவறுதல் மட்டும் பிழையன்று. அடுத்த பந்துக்கு ஏற்ற இடத்தில் தன் பந்தை நிறுத்தத் தவறுதலும் பிழை. எதிரிக்கு வழியில்லாதவாறு மறைத்து ஆடமுயன்று, வழி திறந்துவிடுதலும் பிழை. மேசையின் ஓரத்தில் மோதச்செய்து தொடமுயன்று தவறுதலும், தொடக்க அடியிற் செய்யும் தவறும் பிழைகளே. இவ்வாறு, பார்ப்போர் கைதட்டும் செயலை மட்டுமன்றி, அவர் கவனியாத செயலையும் இவ்வளவுகோல் கணக்கில் எடுத்தது. வெற்றியை எண்ணிவந்த வரலாறு குறையை எண்ணும் நிலையை அடைந்தது.

இதன் எல்லைகளையும் நடுநிலை நின்று நோக்குதல் வேண்டும். முதலாவது, ஆட்டத்தின் நீளம். 20 பந்துகளை வீழ்த்திப் பிழையொன்றும் செய்யாதவன் 1.000 பெறுவான். 100 பந்துகளை வீழ்த்தி 3 பிழை செய்தவன் பெறுவது 0.971. எண்ணில் முன்னவன் உயர்ந்தவன். ஆயின், இருவருள் எவனை நம்பி நாம் ஒரு போட்டிக்கு அனுப்புவோம்? நூறு பந்துகளுக்குத் தாக்குப்பிடித்தவனையே அனுப்புவோம். சிறிய ஆட்டத்திற் செம்மை தற்செயலாகவும் வாய்க்கலாம். நெடிய ஆட்டத்தில் அது வாய்ப்பதரிது. ஆகவே, எத்தனை பந்துகளுக்குக் கணக்கிடப்பட்டது என்பதைச் சொல்லாது சராசரியை மட்டும் சொல்லுதல் அரைச் செய்தியே.

இரண்டாவது, இக்கணக்கில் எல்லாப் பிழைகளுக்கும் ஒரே எடை. கைக்கெட்டும் பந்தைத் தவறவிடுதலும் பிழை ஒன்று. பலரும் அஞ்சும் அடியை முயன்று தவறுதலும் பிழை ஒன்று. அஞ்சி ஒதுங்குவோனுக்குச் சராசரி உயரவும், துணிவோனுக்கு அது தாழவும் கூடும். மூன்றாவது, எதிராளியின் வலிமை. வல்லவனை எதிர்த்து ஆடுவோன் கடினமான நிலைகளையே பெறுவான். எளியவனை எதிர்ப்போனுக்கு மேசை திறந்தே கிடக்கும்.

நான்காவதே இவை எல்லாவற்றினும் ஆழமானது. பந்து பையில் வீழ்ந்ததா இல்லையா என்பதைச் சிறுவனும் கூறுவான். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினானா என்பதைக் கூறுவதற்கு ஆட்டத்தை நன்கு அறிந்த ஒருவர் இருந்து தீர்ப்பளித்தல் வேண்டும். குறையை எண்ணும் கணக்கு, குறையைக் காணவல்ல கண்ணை நாடி நிற்கின்றது. மூன்று தசமத் தானங்கள்வரை எழுதப்படும் எண்ணாயினும், அதன் அடியில் இருப்பது ஒரு மனிதருடைய நேர்மையும் அறிவுமே. 1907இல் ரீசுக்கு வேண்டியிருந்த சாட்சி, நம் காலத்திலும் வேண்டியிருக்கின்றது. முன்னர்ச் சாட்சி கண்ணாற் கண்டாற் போதும். இப்போது கண்டதை மதிப்பிடவும் வேண்டும். வேறுபாடு இவ்வளவே.

ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. விடைத்தாளில் 40 புள்ளி பெறும் மாணவனைப் பற்றி அந்த எண்ணே பேசும். 97, 98 பெறும் இருவரிடையே அந்த ஒரு புள்ளி எதனால் விளைந்தது என்று தாளைத் திறந்து பாராது கூறல் இயலாது. அஃது எழுத்துப்பிழையோ, கருத்துப்பிழையோ, திருத்தியவரின் மனநிலையோ யாரறிவார்? உச்சியை நெருங்குந்தோறும் எண்ணின் பேச்சுக் குறைகின்றது. திருத்துவோரின் பொறுப்பு மிகுகின்றது.

இனி நம் கரம் பலகைக்கு வருவோம். வெண்காய் ஒன்பது, கருங்காய் ஒன்பது, சிவப்பு ஒன்று. முதலில் அடிப்போன் தன் முதல் முறையிலேயே ஒன்பது வெண்காய்களையும் சிவப்பையும் குழிகளில் வீழ்த்தி முடித்தால், அது கரம் ஆட்டத்தின் செம்மையாகும். விதிநூலிலும் இதற்குத் தனிப்பெயர் உண்டு. ஸ்நூக்கரின் 147 போன்ற உச்சம் இது. பன்னாட்டுக் கரம் சம்மேளனம் 1988இல் நிறுவப்பட்டது சென்னை மாநகரில். தமிழகத்தவராகிய மரிய இருதயம் இவ்வாட்டத்தில் இருமுறை உலக வல்லவராகி, 1996இல் இந்திய அரசின் அர்ச்சுனா விருதைப் பெற்றார். 2012இற் கொழும்பில் நடைபெற்ற உலகப் போட்டியில் இலங்கையராகிய நிஷாந்த பெர்னாண்டோ ஒற்றையர் வல்லவரானார். ஆகவே, இத்துறையில் உலகத்தரம் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை.

ஆயின், தீவகத்து ஆட்டக்காரர் எத்தரத்தினர்? இவ்வினாவுக்கு விடை கூற நம்மிடம் உள்ளவை வெற்றிக் கிண்ணங்களே. கிண்ணம் வென்றவர் யாவர் என்று கூறும். எவ்வளவு நன்றாக ஆடினார் என்று கூறாது. தோற்றவரைப் பற்றி அது வாயே திறவாது. 1990களின் தொடக்கத்திற் போரினால் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர நேர்ந்தது. கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு கடல் கடந்தோர், விளையாட்டுக் கணக்குகளைக் காத்திருப்பர் என்று எதிர்பார்த்தல் முறையன்று. அன்றியும், எழுதிவைத்த ஏடு தொலைந்தாற் பிரதியொன்று எங்கேனும் கிடைக்கக்கூடும். எழுதப்படாததைத் தேடிக் காண வழியே இல்லை. ஒரு காலத்தில் ஊர் முழுவதும் வியந்த ஆட்டக்காரர் இன்று சில முதியோரின் நினைவில் மட்டும் வாழ்கின்றார். அந்நினைவும் மறைந்தால் அவர் ஆடவில்லை என்பதற்கும் ஆடினார் என்பதற்கும் வேறுபாடு இராது.

இக்குறையை நீக்குதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் ஒரு கொப்பி வைத்தாற் போதும். நாள், ஆடியோர், பலகையின் நிலை, வீழ்த்திய காய்கள், செய்த பிழைகள், இறுதியிற் கணக்கெடுத்தவரின் கையொப்பம் ஆகிய ஆறும் அதில் எழுதப்படுக. பிளெமிங்கின் கணக்கைக் கரத்துக்கும் பொருத்தலாம். பத்துக் காய்களை வீழ்த்தி 4 பிழை செய்தவனுக்கு 10ஐ 14ஆல் வகுக்க 0.714 வரும். முதல் முறையிலேயே பத்தையும் வீழ்த்தினால் 1.000. ஒரு பலகையின் கணக்கை நம்பாது, ஒரு மாதத்தின் எல்லாப் பலகைகளையும் கூட்டிக் கணக்கிடுக. இடத்தை இழந்த அடியைப் பிழையென்று குறிப்பதா இல்லையா என்று வழக்கு எழும். எழுதல் நன்றே, அவ்வழக்கைத் தீர்க்கும்போதுதான் இளைஞர் ஆட்டத்தைக் கற்பர். கணக்கெடுப்போன் தன் நண்பனுடைய பிழையையும் மறையாது எழுதப் பழகுவான். அப்பழக்கம் கரம் பலகையோடு நின்றுவிடாது.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் மாணவர் இப்பணியைத் தொடங்குதற்கு ஏற்றவர். எண்ணவும் எழுதவும் அறிந்தவர் அவர். புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர், தாம் இளமையிற் கண்ட ஆட்டங்களையும் ஆடியோரின் பெயர்களையும் நினைவிலிருந்து எழுதி அனுப்புவாராயின், அக்கொப்பியின் முதற் பக்கங்கள் அவற்றால் நிறையும். ஆட்டத்தை நேரிற் கண்டோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர் சொல்லக் கேட்டு எழுதும் காலம் இதுவே.